மாஸ்டர் ஒப்புக்கொண்ட தப்பு

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மீதிப் பாதி, அவருடைய மாணவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டவர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டின் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை வைத்துப் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார். யாரும் நன்றி சொன்னதில்லை. "நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன், நீங்க ஏன் மாஸ்டர் மிதிச்சீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

பிரேக்கைவிட அவருக்குக் கைகொடுத்தது அவருடைய வாய்தான். கற்றுக்கொள்கிறவர் எதிலாவது உரசிவிடுவார். அடிபட்ட வண்டிக்காரர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு இறங்குவார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அழுகை முட்டும். நடுத்தெருவில் ஒருமுறை திட்டு வாங்கியவர் அதற்கப்புறம் சாவியைத் தொடமாட்டார் என்பது மாஸ்டருக்குத் தெரியும். அதனால் அவரே முதலில் குதித்து இறங்கி, நெஞ்சில் கை வைத்து, "தப்பு எங்க பக்கம்தாங்க, மன்னிச்சிருங்க" என்பார். வந்தவருக்குக் கோபம் பாதியிலேயே இறங்கிவிடும். உண்மையில் யார் மேல் தப்பு என்பதெல்லாம் அந்த நேரத்தில் இரண்டாம் பட்சம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டியது சொந்தக் கார். பக்கத்தில் இருந்தது, மருந்துக்கடை கவுன்ட்டரில் வேலை பார்க்கும் அவர் மனைவி. சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கிலிருந்து மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பல் டாக்டர், பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், காரை ரிவர்ஸில் எடுத்து மனைவி பக்கத்துக் கதவில் டமாரென்று இடித்தார். மாஸ்டர் குதித்து இறங்கினார். கை தானாக நெஞ்சுக்குப் போனது. "தப்பு எங்க பக்கம்தாங்க, மன்னிச்சிருங்க."

மன்னிப்புக் கேட்பதற்காக வாயைத் திறந்திருந்த பல் டாக்டர் அதை அப்படியே மூடிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்துக் கேமராவை இயக்கி, "சார், அதைக் கொஞ்சம் திரும்பச் சொல்றீங்களா?" என்றார். மாஸ்டர் பாடம் நடத்தியே பழக்கப்பட்டவர். திரும்ப, நிறுத்தி, தெளிவாகச் சொன்னார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி வெடித்தாள். "கல்யாணம் ஆனதிலேர்ந்து என்கிட்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கீங்களா? முன்ன பின்ன தெரியாதவனுக்கு, அதுவும் இடிச்சவனுக்கு, வாய் கூசாம சொல்றீங்க!"

"அது தொழில் பழக்கம்மா. உனக்குப் புரியாது. தப்பு அந்தப் பழக்கத்து மேல" என்றார் மாஸ்டர்.

வீடியோ பல் டாக்டரின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து மாஸ்டரின் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. மாஸ்டர் போன் மேல் போன் போட்டார். "நீங்களே ஒத்துக்கிட்டீங்களே சார்" என்றது அங்கே ஒரு பெண் குரல். "பழக்கதோஷத்துல சொல்லிட்டேன்மா." "பழக்கதோஷம்னு இங்க ஒரு காரணம் இல்லையே சார்."

கதவு நசுங்கியதெல்லாம் மாஸ்டருக்குப் பெரிய விஷயமில்லை. விபத்தில் தப்பு என்று பெயர் வாங்கியவரைக் கற்றுக்கொடுக்கும் சீட்டில் உட்கார வைக்க முடியாது என்பது டிரைவிங் ஸ்கூலின் விதி. "பதில் வர்ற வரைக்கும் ஆபீஸ்ல இருங்க மாஸ்டர். தப்பு உங்க மேலன்னு முடிஞ்சா அதுவே நிரந்தரம். ஃபேன் இருக்கு, வெயில் இல்ல" என்றார் முதலாளி. மாஸ்டர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலும் அந்த பிரேக்கும் இல்லாவிட்டால், தான் யார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பயந்துபோனார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பழைய மாணவர்களை சாட்சி சொல்ல வைத்தால்? யார் இடித்தாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆள் அவர் என்பது தெரிந்துவிடுமே! மாணவர்களும் பாசத்தோடு முன்வந்தார்கள். அந்தப் பாசம்தான் ஆளைக் கவிழ்த்தது.

விசாரணைக்கு வீட்டுக்கு வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர், தண்ணீர்கூடக் குடிக்காமல் அதில்தான் ஆரம்பித்தார். "உங்க ஸ்டூடன்ட்ஸ் எல்லார்கிட்டயும் பேசிட்டேன் சார். ஒவ்வொரு ஆக்சிடென்ட்லயும் தப்பு உங்க மேலதானாம். லேட்டா பிரேக் போட்டீங்களாம். ஆனா தங்கமான மனுஷன், உடனே ஒத்துக்குவார்ங்கிறாங்க."

இத்தனை காலமும் மாஸ்டர் சொன்னதை அத்தனை பேரும் நம்பியிருக்கிறார்கள்!

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "சார், நான் கார்ல இருந்தவ. நான் சொல்லலாமா?"

"சொல்லுங்க மேடம்."

"இவர் நிஜமா தப்பு பண்ணா ஒத்துக்கவே மாட்டார் சார். போன வருஷம் எங்க கேட்லயே காரை இடிச்சார். கேட் மேல தப்புன்னார். குழாயைத் திறந்து போட்டுட்டுப் போய் வீடு முழுக்க தண்ணி. குழாய் மேல தப்பு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பா கடைசியா ஆஸ்பத்திரில கிடந்தப்ப, இதோ வர்றேன்னு சொன்னவர் வரவே இல்ல. டிராஃபிக்னார். இன்னிக்கு வரைக்கும் டிராஃபிக்தான். இவர் மேல தப்பு இருந்திருந்தா, அந்த டாக்டர்கிட்ட பொழுது சாயற வரைக்கும் வாதாடியிருப்பார். இறங்கின உடனே ஒத்துக்கிட்டார் பாருங்க, அதுலேர்ந்தே தெரியல, தப்பு இவர் மேல இல்லன்னு?"

சர்வேயரும் கல்யாணமானவர்தான். மோவாயைத் தடவினார். "இடி விழுந்திருக்கிறது பக்கவாட்டுக் கதவுல. நீங்க ஒத்துக்கிட்டது ஒண்ணுதான் இடிக்குதுன்னு பாத்தேன்" என்றவர், மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மேடம் சொல்றது உண்மையா சார்?"

இல்லை என்றால் சீட் போய்விடும். ஆமாம் என்றால் வீட்டில் இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த மானம் போய்விடும். மாஸ்டர் தன் கால்விரல்களைப் பார்த்தார். வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார்.

தப்பு பல் டாக்டர் மேல்தான் என்று முடிவு வந்தது. முதலாளி மாஸ்டரை மறுபடி காருக்கு அனுப்பினார். அன்று சாயங்காலம் மாஸ்டர் நேரே சமையலறைக்குப் போய் நின்றார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு டிராஃபிக்கெல்லாம் இல்ல" என்றார். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். மாமாவை அந்த நிலைமைல பாக்க பயமா இருந்துச்சு. திரும்பிட்டேன். தப்பு என்..."

கை தானாக நெஞ்சுக்குப் போயிருந்தது. அவள் கத்தியை வைத்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள்.

"கையை இறக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் இறக்கினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார். அவளும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், பாதிக் குரலில், கற்றுக்குட்டியைப் போலத் திக்கித் திக்கி, சொன்னார்.