தகரக் கண்

சடையப்பன் அப்படியொன்றும் பெரிய எத்தன் அல்ல. திருவள்ளூர் வீரராகவர் கோயிலில் அமாவாசைக் கூட்டம் சேர்ந்தால் நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு, தகரத்தில் அடித்த கண், கை, கால் உருக்களை வெள்ளி என்று சொல்லி விற்பான். 1967 கார்த்திகை அமாவாசையன்று ஏட்டு மோசஸிடம் வசமாகச் சிக்கினான்.

"உள்ள போறியா, இல்ல உன்ன மாதிரி ஆளுங்கள காட்டிக் குடுக்கறியா?" என்றார் ஏட்டு. இவனாவது, உள்ளே போவதாவது!

நாமத்தை அழித்து மீசை வளர்த்தான். மார்கழி அமாவாசைக்கே ஜேப்படிக்காரன், போலிச் சாமியார் என்று வரிசையாகக் காட்டிக்கொடுத்தான். "நம்ம சி.ஐ.டி." என்று ஏட்டு மசால்வடை வாங்கித் தந்தார். அயோக்கியனுக்குத் தலைகால் புரியவில்லை.

தை அமாவாசை. குளத்தில் வெல்லம் கரைக்கிற கூட்டத்தில் ஒருத்தி முந்தானைக்குள் எதையோ மறைத்து வைத்துப் பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டினாள். போலி உரு விற்பவர்கள் அப்படித்தான் காட்டுவார்கள். சடையப்பன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். அந்தச் சைகைக்குக் காத்திருந்த ஏட்டு பாய்ந்துவந்து அவள் கையைப் பிடித்தார்.

"நான் இன்னா பண்ணேன் சாமி? எம் பொண்ணுக்குப் பார்வ போய்க்கினே இருக்குது. மூணு அமாவாசைக்கு மூணு வெள்ளிக் கண்ணு உண்டியல்ல போடறதா வேண்டிக்கினேன். கார்த்திகையிலயே மூணும் வாங்கி வெச்சிட்டேன். இதான் கடைசி!" என்று அழுதாள். அவள் பெயர் கெங்கம்மாள். வேப்பம்பட்டுப் பக்கம் நாற்று நடுகிறவள்.

"கத உடாத, ஸ்டேஷனுக்கு நட," என்றார் ஏட்டு.

சடையப்பன் அவள் உள்ளங்கையில் இருந்த உருவை எட்டிப் பார்த்தான். கண்ணின் இமையோரம் ஒரு நெளிவு. அவனுடைய அச்சில்தான் அப்படி விழும். மீசை வைத்த முகத்தை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டால் அவள் போவாள், திறந்தால் இவன் போவான்.

"உட்டுடுங்க ஏட்டய்யா. அது நான் வித்தது. வெள்ளி இல்ல, தகரம்."

மோசஸ் அவள் கையை விட்டுவிட்டு இவனை முறைத்தார். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று சடையப்பன் தலைகுனிந்து நின்றான். தூற்றியிருந்தால் தேவலை. கெங்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ மின்ன போட்ட ரெண்டையும் சாமி வாங்கிக்கினு இருக்காதா?"

அந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. இரண்டு கைகளையும் ஏட்டிடம் நீட்டினான்.

"சீக்கிரம் கூட்டிக்கினு போங்க ஏட்டய்யா," என்று கெஞ்சினான்.