கன்னியப்பன் காத்திருந்த ஒரு நிமிடம்

என் பெயர் நா. திருவேங்கடம். செங்கற்பட்டில் அரசு ஆவண அறை ஒன்றின் கண்காணிப்பாளன். வயது ஐம்பது. வழிகாட்டி கன்னியப்பன் சென்ற மாதம் காலமானார். அவரோடு வேனில் சென்றவர்களும், அவருடைய விளக்கத்தைக் கேட்டவர்களும், அவரோடு தொழில் செய்தவர்களும் படிக்கும் இந்த நினைவு மலரில், அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும், அவரிடம் நான் சொல்லாமல் விட்டதையும் எழுதிவைப்பது என் நோக்கம். இரண்டாவதற்காகத்தான் முதலாவதை எழுதுகிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

செய்தியைக் கொண்டுவந்தவர் வேன் ஓட்டுநர் ஏசுபாதம். திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆவண அறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அலுவலகத்துக்குள் செருப்போடு வரலாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை.

“சார், நம்ம கன்னியப்பன் அண்ணாத்த போய்ட்டாரு சார்.”

“எப்போது?”

“காலீல. டீ வாங்கிக் குடுத்துட்டு சட்டை மாட்டிகினு வரேன்னு உள்ள போனேன் சார். வந்து பாத்தா கிளாசு அப்டியே கீது. ஆளு இல்ல.”

“சுற்றத்தார் யாருக்கேனும் தெரிவிக்க வேண்டுமா?”

“யாரு கீறாங்க சார் அவருக்கு? நீங்க, நானு. அவ்ளோதான்.”

நான் திறந்திருந்த பதிவேட்டை மூடினேன். எந்தப் பக்கத்தில் மூடினேன் என்று அன்று மாலை வரை நினைவுக்கு வரவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக அந்தச் சுற்றுலாவைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கடல் வழியாக விமானம் வரக்கூடும் என்ற அச்சத்தில், செங்கற்பட்டின் மேட்டுப் பகுதியில் பூமிக்கடியில் ஓர் எச்சரிக்கைத் தலைமையிடம் அமைத்திருந்தார்கள். இருபத்திரண்டு படிகள் இறங்கினால் ஒரு நீண்ட அறை. சுவர் முழுவதும் கடற்கரையின் வரைபடம். மேசைமீது ஏழு தொலைபேசிகள். கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை கரையோரத்தில் ஏழு காவல் குடிசைகள் இருந்தன. குடிசைக்கு ஒரு தொலைபேசி. போர் முடிந்ததும் அறையைப் பூட்டிவிட்டார்கள். பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் ஊரெல்லாம் விளக்கணைத்துப் பழகிய பிறகு, பழைய அறையைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் மக்களுக்கு வந்தது. மறு ஆண்டே அதைத் திறந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ரயில் நிலைய வாசலிலிருந்து வேன் புறப்படும். முதலில் நிலத்தடி அறை, பிறகு கோட்டைச் சுவர், கொளவாய் ஏரிக்கரை. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், கலங்கரை விளக்கம், கடற்கரைக் கோயில். நிலத்தடி அறைக்கான விளக்கவுரையை எழுதும் பணி ஆவண அறைக்கு வந்தது. நாற்பத்திரண்டு வாக்கியங்களில் நான் எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது விதி. அவ்வாறு சொல்கிறாரா என்று பார்க்கும் பொறுப்பும் என்னுடையது.

முதல் ஞாயிறு, கையில் தாளோடு கூட்டத்தின் பின்வரிசையில் நின்றேன். படியிறங்கும்போதே கன்னியப்பன் என் தாளை விட்டு விலகிவிட்டார்.

“தலைய குனிஞ்சுக்கோங்க, தலைய குனிஞ்சுக்கோங்க. இந்த நெலப்படில தொரையே வந்தாலும் குனிஞ்சிகினுதான் உள்ள போகணும். சண்டைல நமக்குக் கெடச்ச லாபம் அது ஒண்ணுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் குறித்துக்கொண்டேன். அறைக்குள் அவர் மீதி வாக்கியங்களை ஏறத்தாழ ஒழுங்காகவே சொன்னார். முடிவில் ‘மாமல்லபுரம்’ என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்த மூன்றாம் தொலைபேசியின் அருகே போனார். அதன் முன்னிருந்த நாற்காலியில் ஒரு சென்னைப் பெண்மணி உட்காரப் போனபோது, “அதுல வேணாம்மா, ஆளு வரும்” என்று தடுத்தார். பிறகு கம்பி அறுந்துபோன அந்தத் தொலைபேசியைக் காதில் வைத்தார்.

“கடல் சும்மா கீது.”

சொல்லிவிட்டு நின்றார். வந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு நிமிடம். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு, “சரி வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள ஏரிய பாத்துடலாம்” என்றார்.

நான் மட்டும் படியேறாமல் அறையில் நின்றேன். பார்வையாளர்களில் ஒருவருக்கும் தெரியாத பதில் எனக்குத் தெரியும். ‘பதிவாயிற்று’ என்பது அந்தப் பதில். போர்க்காலத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்து அதைச் சொன்னவன் நான்.

பள்ளியிறுதித் தேர்வு எழுதிய கையோடு பதினேழாம் வயதில் அங்கே எழுத்தராகச் சேர்ந்தேன். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை என் முறை. காவலாளிகள் மணிக்கு ஒருமுறை அழைத்து ‘கடல் அமைதி’ என்று சொல்ல வேண்டும். நான் ‘பதிவாயிற்று’ என்று சொல்லிவிட்டுக் கடல்நிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வேறு ஒரு சொல்லும் பேசக் கூடாது. பெயர் கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது. மற்ற ஆறு குடிசைக்காரர்களும் விதிப்படி சொன்னார்கள். மூன்றாம் தொலைபேசியில் பேசியவர் மட்டும் ‘கடல் சும்மா கீது’ என்றே சொல்வார். அவர்மீது மூன்று முறை எழுத்து மூலம் புகார் செய்தேன். அவர் மாறவில்லை. இரண்டு ஆண்டுகள் நாளொன்றுக்கு எட்டு முறை அந்தக் குரலைக் கேட்டேன். அங்கு செய்ததையும் கேட்டதையும் யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று சேர்ந்த அன்றே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தேன். என் மனைவி இருந்தவரை அவளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

கன்னியப்பன் என் குரலை அடையாளம் காணவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. தவிர, அந்தக் கம்பியில் எல்லாக் குரல்களும் தகரத்தைத் தட்டுவதுபோல்தான் கேட்கும்.

மறுநாள் அவரை அலுவலகத்துக்கு அழைத்து விளக்கம் கேட்டேன்.

“அங்கீகரித்த உரையில் இல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு ஒரு நிமிடம் வீணே நிற்கிறீர்கள். காரணம்?”

“ஒங்க பேப்பர்ல இல்லதான் சார். நான் அந்தக் குடிசைல கெடந்தவன் சார். இந்தப் பக்கத்துல இருந்து பதில் சொன்ன ஆளு ஒருத்தரு. சண்டை முடிஞ்சதும் யாருன்னு கேட்டுகினு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். ஒன் வேலை முடிஞ்சுது போய்யான்னுட்டாங்க. இப்போ ஊரே வந்து பாக்குதே சார். அந்தாளும் ஒரு நாளு பாக்க வரமாட்டாரா?”

“வந்தால்?”

“ஒண்ணு கேக்கணும் சார்.”

என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்பத்து மூன்றாவது வாக்கியமாக, ‘வழிகாட்டி மூன்றாம் தொலைபேசியை எடுத்துக் காட்டுவார், ஒரு நிமிடம் அமைதி’ என்று சேர்த்து ஒப்பமிட்டேன். அவர் அதைப் பெரிய உதவியாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கிவந்தார். அன்பளிப்பு ஏற்பதில்லை என்று திருப்பிவிட்டேன். “பழத்துக்குமா சார் சட்டம்?” என்று கேட்டு, ஏசுபாதத்தோடு சேர்ந்து அவரே தின்று தீர்த்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் மேற்பார்வை என்ற பெயரில் போனேன். மாதம் ஒரு முறை போனால் போதும் என்பதே விதி. மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு மிக நீளமான நாள்.

இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், பார்வையாளர்கள் கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறியிருந்தார்கள். நாங்கள் இருவரும் கீழே பாறையில் உட்கார்ந்திருந்தோம். குடிசை இருந்த இடத்தைக் காட்டினார். தாழம்புதர்தான் இருந்தது.

“எனக்கு ஒரு பொண்ணு பொறந்துது சார், அந்தக் குடிசைல இருந்தப்ப. விடிகாலைல மருத்துவச்சி வந்து சொல்லிட்டுப் போச்சு. நான் எடத்த வுட்டு நகரக் கூடாது. யார்கிட்ட சொல்றது? ஆறு மணிக்கு போனை எடுத்து, கடல் சும்மா கீது, எனக்குப் பொண்ணு பொறந்துகீதுன்னேன். அந்தாளு எப்பவும் போல பதிவாயிற்றுன்னு வெச்சிட்டாரு.”

“பிறகு?”

“பதினோரு நாளு இருந்துது சார். அப்பறம் இல்ல. எம் பொஞ்சாதி பச்சையம்மாவும் போயி எட்டு வருசம் ஆவுது. மருத்துவச்சி எப்பவோ போய்ட்டா. போட்டோ இல்ல, சர்க்கார் பேப்பர்ல இல்ல. பேரு வெக்கிறதுக்குள்ள போயிட்டுது, பாப்பான்னுதான் கூப்ட்டோம். இப்போ அந்தப் பொண்ணு இருந்துதுன்னு தெரிஞ்சவன் நானும் அந்தாளும்தான். அவரு எழுதிகினாரா, இல்ல சும்மா வாய்க்கு சொன்னாரான்னு கேக்கணும் சார். அவ்ளோதான்.”

மேலே சென்றிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். “ஜப்பான்காரன் வந்தானா இல்லையா?” என்று ஒருவர் கேட்டார். “நாங்க காவல் காக்கறோம்னு யாரோ சொல்லிட்டாங்க போல. வரவே இல்ல” என்று கன்னியப்பன் உடனே பதில் சொன்னார். வேன் நின்ற இடம் வரை அவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே போனார்.

அவர் கேட்க நினைத்த கேள்விக்கு விடை என் பொறுப்பிலேயே இருந்தது. போர்க்காலப் பதிவேடுகள் எங்கள் அறையின் ஆறாம் அடுக்கில் இருக்கின்றன. மறுநாள் எடுத்துப் பார்த்தேன். நினைவிலிருந்தபடியே இருந்தது. என் இளவயதுக் கையெழுத்தில், ‘காலை ஆறு மணி. மூன்றாம் நிலை. கடல் அமைதி. காவலாளிக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளது’. அதன்மேல் மேலதிகாரி சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ‘தேவையற்றது’ என்று எழுதியிருந்தார். என் பணிக்காலம் முழுவதிலும் நான் விதியை மீறி எழுதியது அந்த ஒரே வாக்கியம். ஏன் எழுதினேன் என்று இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. காலை ஆறு மணிக்கு ஒருவர் அதை என்னிடம் சொன்னார். கேட்டதை எழுதுவதுதான் என் வேலை.

இதைச் சொல்ல உறுதிமொழி இடம் தரவில்லை. எனவே விலக்கு கோரி மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். ஓராண்டுக்கு மேலாகியும் பதில் இல்லை. மூன்று முறை நினைவூட்டினேன். சென்ற ஆண்டு பதில் வந்தது: அத்தகைய உறுதிமொழி எதுவும் தங்கள் கோப்புகளில் இல்லை, இல்லாத ஒன்றிலிருந்து விலக்களிக்க இயலாது.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆயினும் நான் சொல்லவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. முதல் ஞாயிறே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று அஞ்சினேன். ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி ஒரு வாரம் முதிர்ந்தது. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன்.

கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. பத்துப் பேர், ஐந்து பேர், பிறகு யாருமில்லை. யாரும் வராவிட்டாலும் சுற்றுலா நடந்தாக வேண்டும் என்பது விதி. அவருடைய கடைசி ஞாயிறும் அப்படித்தான். ஏசுபாதம் மேலே வேனில் இருந்தார். கீழே நாங்கள் இருவர் மட்டும். நாற்பத்திரண்டு வாக்கியங்களையும் எனக்கு ஒருவனுக்காகச் சொன்னார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

“கடல் சும்மா கீது.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வாய்வரை வந்துவிட்டது. விநாடி முள் ஒரு சுற்றை முடித்தது.

“ஒரு நிமிசம் ஆச்சா சார்?”

“ஆயிற்று.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டுத் தம் துண்டால் மேசையைத் துடைத்தார். பிறகு நாற்காலியை உள்ளே தள்ளினார். நான் முதலில் படியேறினேன். இருபத்திரண்டு படிகளிலும் அவர் எனக்குப் பின்னால் ஏறும் ஓசை கேட்டது. எந்தப் படியிலும் நான் திரும்பியிருக்கலாம்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஏசுபாதத்திடம் கேட்டேன்: “அந்த மனிதர் யாராக இருக்கும் என்று அவர் எப்போதாவது சொன்னாரா?”

“யாருன்னு சொல்ல மாட்டாரு சார். ‘அந்தாளு இன்னும் உசிரோடதான்டா கீறாரு, அது போதும்’பாரு. எப்டி தெரியும்னா சிரிப்பாரு.”

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்று எடுத்துக்கொண்டால் என் பாரம் குறையும். அதற்குச் சான்று இல்லை. ஆகவே அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை சில. விளக்கவுரைத் தாளின் ஓரத்தில் அவர் வைத்த எண்ணெய் விரல்தடம். ‘பழத்துக்குமா சார் சட்டம்’ என்ற கேள்வி. ஞாயிறு பத்து மணியானால் கால்கள் தாமே ரயில் நிலையத்தை நோக்கி நடக்கும் பழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குழந்தை இருந்தது என்று அறிந்த இருவரில் எஞ்சியவன் என்ற நிலை. அந்தப் பொறுப்பை ஒருவனே வைத்திருக்கக் கூடாது என்பதை அவர் நான்கு ஆண்டுகளாக வாரந்தோறும் எனக்குக் காட்டினார்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வேன் வழக்கம்போல் புறப்படும். புதிய வழிகாட்டி அமையும்வரை அந்தப் பணியை நானே செய்ய எழுத்து மூலம் அனுமதி பெற்றிருக்கிறேன். பதிவேட்டை உடன் எடுத்துச் சென்று, அந்தப் பக்கத்தைத் திறந்து மூன்றாம் தொலைபேசியின் அருகே வைப்பேன். ஆள் வரும் என்று அவர் காத்துவந்த நாற்காலியில் உட்காருவேன். அவருடைய வாக்கியத்தைச் சொல்ல ஏசுபாதம் சம்மதித்திருக்கிறார். அவர் சொன்னதும், ஒரு நிமிடம் தாமதிக்காமல், பதிவாயிற்று என்று சொல்வேன்; பிறகு சிவப்புக் கோட்டின் அடியில் இருப்பதை வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பேன்.