ஆறு சிலிண்டருக்கு ஒரு வேண்டுதல்

சித்தூரில் திருப்பதி பஸ் ஏறியபோது, பக்கத்து இருக்கைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போனைக் கண்ணருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. நான் பத்திரிகையில் வேலை செய்கிறேன் என்றதும் திரும்பினார்.

“அமெரிக்காவுல அடுத்து வர்ற ரேஸ் கார் மாதிரி வண்டிக்கு இன்ஜின்ல எட்டு சிலிண்டர்னு ஒருத்தன் எழுதிக்கினு கீறான், ஆறுன்னு இன்னொருத்தன். எது நெஜம் சார்?”

“கம்பெனி இன்னும் வாயே திறக்கலை. உங்களுக்கு எதுக்குங்க?”

அவர் மகன் அங்கே வேலையில் இருக்கிறான். இங்கே பைக்கில் விழுந்து காலில் கம்பி வைத்தவன். எட்டு வந்தால் உடனே வாங்குவானாம்.

“ஆறே வரட்டும், மொட்டை போடறேன்னு பெருமாள வேண்டிக்கினேன். ஆறுன்னா மெதுவாத்தான போவும்?”

“புது ஆறு, பழைய எட்டையே முந்துமாம்.”

“கரண்ட்டு வண்டி?”

“அது இன்னும் வேகம்.”

வழியில் புத்தலப்பட்டு தாண்டியதும் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பதியில் இறங்கியதும் மலைக்குப் போகும் பஸ்ஸை விசாரித்தார்.

“இப்பவே மொட்டையா?” என்றேன்.

“முடிய மொதல்ல குடுத்துடறேன் சார். என்னா கேக்கறதுன்னு மேல போறதுக்குள்ள யோசிக்கிறேன்.”

அந்த மலைப்பாதையின் வளைவுகளில் அவர் என்ன முடிவுசெய்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.