நடத்திக் கொண்டுவந்த குதிரை

எழுத்து எனக்கு நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. படித்ததிலும் பாதி மறந்துபோயிற்று. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன ஒக்டோபரில் என் இளைய மகள் சிநேகிதிகள் இரண்டு பேரோடு குதிரை ஓடினாள். பலெர்மோவுக்கு மேலே, ஃபிக்குட்சாக் காட்டுக்குள், காலையில் தொடங்கிப் பின்னேரம் முடிகிற நீண்ட ஓட்டம். கிழமை நாட்களில் எசமானி சின்யோரா வீட்டில் துடைத்துக் கழுவுகிறவள், ஞாயிறென்றால் குதிரை லாயத்தில்தான் கிடப்பாள். நகருக்குள், அல்பெர்கேரியாவில் எங்கள் நாலாம் மாடியை விட்டு இறங்க விரும்பாத என்னையும் அன்று காரில் ஏற்றிக்கொண்டு போனாள். மரங்களெல்லாம் மஞ்சளாய் நின்றன. நான் போர்வைக்குள் ஒடுங்கி, ஓட்டம் முடிகிற இடத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். அங்கே கண்டதுதான் பழையதைக் கிளப்பிவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். மட்டக் குதிரைகள் கேட்பாரில்லாமல் மேய்கிற நெடுந்தீவில் பிறந்தவள் நான். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. மாமா மூன்று குதிரைகளைப் பிடித்துப் பழக்கியிருந்தார். தூரத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவர அவருக்கு ஒன்று போதும்.

"மூண்டு பேரும் தெற்குக் கரை மட்டும் போட்டு வாங்கோ. எதை வைச்சிருக்கிறதெண்டு பிறகு பாப்பம். மற்ற ரண்டையும் அவிட்டு விடுறதுதான்," என்றார்.

மூன்று பேர் என்றது நானும், மாமாவின் மகளான மச்சாளும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும். முதலில் வருகிற குதிரைதான் நிற்கும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். என்னுடையது செம்பட்டைப் பெண்குதிரை. கழுத்தைக் கட்டிப்பிடித்தால் காதை ஆட்டும். அதை விடுவதில்லை என்று இருந்தேன். எனக்கு ஆட்களோடு கதைக்கத்தான் வராது. குதிரை முதுகில் எனக்கு நிகராக அந்தத் தீவில் ஒருத்தியும் இல்லை. இதை மட்டும் கூச்சமில்லாமல் எழுதுவேன்.

கரையைத் தொட்டுத் திரும்பும்போது நான்தான் முன்னால். வெள்ளம் நின்ற புல்வெளி, கல் மதில்கள் எல்லாம் பின்னால் ஓடின. ஆனால் வீடுகள் தொடங்குகிற ஒழுங்கையில், மதிலோரம் பெண்கள் கூடி நின்றார்கள். என் சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. குதித்திறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு நடந்தேன்.

மற்ற இருவரும் சேறு தெறிக்க என்னைக் கடந்தார்கள்.

"ஏன்டி, மாட்டையோ சாய்ச்சுக்கொண்டு போறாய்?" என்று மச்சாள் கத்தினாள்.

"ஆக்கள் பாக்கினம்," என்றேன். அவளுக்குக் கேட்டிராது. மதிலோரப் பெண்களுக்குக் கேட்டது.

"பாக்காட்டி ஏறுவியோ, பிள்ளை?" என்று ஒருத்தி கையால் கண்ணைப் பொத்திக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வீடு வரைக்கும் அழுதுகொண்டு நடந்தே போனேன்.

வீட்டு வாசல் படலையில் மற்ற இரண்டு குதிரைகளும் நுரை தள்ளி நின்றன. மாமா குனிந்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னுடையதற்கும் வைத்தார். அது தன்பாட்டில் புல்லைக் கடித்தது.

"இது நிக்கட்டும்," என்றார்.

"அப்பா! அவள் கடைசியாய் நடந்தெல்லோ வந்தவள்!"

"ஓம். அதுதான்."

மச்சாள் அழுதாள். என் கண்ணீருக்கு இரங்கி, சொந்த மகளின் குதிரையை மாமா அவிழ்த்துவிட்டார் என்றே நினைத்தேன். தண்ணீர் கொண்டுவரும் குதிரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாரோ போட்ட பிச்சை போல இருந்தது.

ஃபிக்குட்சாவில் மகள்தான் முதலில் வந்தாள். முடிவிடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வந்தவள் குதித்திறங்கி, குதிரையை நடத்திக்கொண்டு வரத் தொடங்கினாள். சிநேகிதி ஒருத்தி அவளைத் தாண்டிப் பறந்தாள்.

"ஏறடி! ஏறு!" என்று கதிரையை விட்டெழும்பிக் கத்தினேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, சும்மா இருங்கோ! நெஞ்சு ஆறவேணும்."

"ஆருக்கு?"

"குதிரைக்கு!"

மிருக வைத்தியர் முன்னங்காலுக்குப் பின்னால் குழாயை வைத்துக் கேட்டார். சிநேகிதியின் குதிரைக்கு நெஞ்சடிப்பு இறங்கவில்லை, அதைப் போட்டியிலிருந்தே தள்ளிவிட்டார்கள். மகளின் குதிரைக்குத் தலையாட்டினார். நான் மெல்லக் கதிரையில் இருந்தேன். மாமா என்மேல் இரக்கப்படவே இல்லை. என் செம்பட்டை தானாகத்தான் வென்றிருக்கிறது.

மாமா காதை வைத்தது இடப்பக்கமா வலப்பக்கமா என்பது நினைவில்லை. குதிரைக்கு நெஞ்சு எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். மகளிடம் கேட்கலாம்தான், நான் கத்தியதைச் சொல்லிச் சொல்லி அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.