அம்மாவுக்கு டூட்டி எப்போ?

பிள்ளை வளர்ப்பதும் ஷிப்ட் வேலைதான். ஷிப்ட் முடிகிற மணி மட்டும் இதில் அடிக்கவே அடிக்காது.

நான் திருவொற்றியூரில் பைப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். என் மனைவி ஜெசிந்தா ராயபுரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தண்டையார்பேட்டையில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். பெரியவள் ரோஸி இரண்டாம் வகுப்பு, சின்னவன் ஜோஷுவா எல்.கே.ஜி. எங்களுடைய நிரந்தர வாடிக்கையாளர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். திருப்தி என்ற சொல்லை இருவருமே கேள்விப்பட்டதில்லை. எங்கள் இருவருடைய டூட்டியும் ஒன்றாக வந்து விழுகிற நாட்களில் எதிர் போர்ஷன் நூர்ஜகான் அக்காதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அவர் நூர் பெரிம்மா.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்கு ஓடுகிற என் இனத்தவர்களே, கீழே எழுதியிருப்பதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் கவலை வேண்டாம், நடக்கும்.

பிள்ளையைத் தவிர எல்லாம் ஒப்படைத்தேன்

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்காமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. வந்தவரிடம் மெஷின் எப்படி ஓடியது, எங்கே சத்தம் வருகிறது, எங்கே எண்ணெய் கசிகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். அந்தப் பழக்கத்தை நாங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். ஜெசி காலை டூட்டி முடிந்து வரும்போது நான் மதிய ஷிப்டுக்குக் கிளம்புவேன். தெருமுனை பஸ் ஸ்டாப்பில் சந்திப்போம். சின்னவன் என்ன தின்றான், எத்தனை முறை மூக்கு ஒழுகியது, எதற்காக அழுதான் என்று முழு விவரமும் கைமாறும்.

ஒருநாள் அப்படி ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவளும் கேட்ட விவரத்தையெல்லாம் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் போன் அடித்தது. "எல்லாம் சொன்னீங்க, புள்ள எங்க?" என்றாள். அப்போதுதான் என் இடுப்பைப் பார்த்தேன். ஜோஷுவா அங்கேயே உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கன்டெய்னர் லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா சார், தம்பியும் ஷிப்டுக்கா?"

அப்பா என்ன செய்கிறார்?

ஜோஷுவாவை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போயிருந்தோம். நைட் ஷிப்ட் முடித்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அவனிடம் பழம் பேர், கலர் பேர் எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் கூரையைப் பார்த்தான். கடைசியில், "சரி, அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டதும் உயிர் வந்தது. "ஊசி போடுவாங்க" என்றான். "அப்பா?" என்றார். யோசிக்கவே இல்லை. "நைனா தூங்குவாரு. சத்தம் போட்டா திட்டுவாரு."

நைட் ஷிப்ட் என்று விளக்கலாம் என்று நான் வாயைத் திறந்த நேரத்தில் எனக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்து தொலைத்தது. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"பரவால்ல சார், இன்னிக்காவது எழுந்து வந்தீங்களே!"

டப்பா மாறிய நாள்

ஜெசிக்குக் காலை டூட்டி என்றால் டிபன் கட்டுவது என் பொறுப்பு. மூன்று டப்பா, மூன்று பை. ஒரு கையில் ஜோஷுவாவின் ஷூ, மறு கையில் ரோஸியின் ரிப்பன் என்று நிற்கிற மனிதனிடம் நீங்கள் எவ்வளவு நிதானத்தை எதிர்பார்க்க முடியும்?

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து என் டப்பாவைத் திறந்தேன். தோல் சீவி நறுக்கிய ஆப்பிள், குட்டியாக ஊற்றிய ஜாம் தோசை, யானை படம் போட்ட ஸ்பூன். சோறும் நெத்திலிக் கருவாட்டு வறுவலும் இருந்த என் டப்பா ரோஸியின் பையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. (ரோஸியின் டப்பா ஜோஷுவாவிடம் போயிருக்கிறது. அவன் வழக்கம்போல எதையும் தொடவில்லை.) சாயங்காலம் ரோஸி ராணி மாதிரி வந்தாள். வகுப்பே அவளைச் சுற்றி உட்கார்ந்து கருவாட்டைத் தீர்த்திருக்கிறது. நாளைக்கும் அதையே கட்டச் சொன்னாள். அவள் பிழைத்துக்கொண்டாள், மாட்டியவன் நான். யானை ஸ்பூனால் ஆப்பிளைக் குத்திக்கொண்டிருந்தபோது, என் மெஷினுக்குப் பக்கத்து மெஷின் தில்லிபாபு வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்:

"இன்னா மாமு, பல்லு மொளைக்க ஆரம்பிச்சிடிச்சா?"

வண்டி ஓடாத விளையாட்டு

எர்ணாவூரில் என் தங்கை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை பைக்கில் வைத்துக்கொண்டு போவேன். ஹார்பர் கேட் திறப்பதற்காகக் காத்திருக்கிற டிரெய்லர்கள் வழி நெடுக வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கடியிலேயே சமைத்து, துணி காயப்போட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிடுவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவன் ஜோஷுவா.

நூர்ஜகான் அக்காவின் அண்ணன் பேரன், ஐந்து வயசு, மதுரையிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். இருவரையும் விளையாட விட்டோம். ஜோஷுவா பொம்மைக் கார்களையெல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக நிற்க வைத்தான். பக்கத்தில் ஒரு துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். மதுரைப் பையன் காத்திருந்தான், காத்திருந்தான், பாவம். கடைசியில் பொறுக்க முடியாமல், "எப்படா ஓட்டுவ?" என்று கேட்டான். ஜோஷுவா கண்ணைக்கூடத் திறக்கவில்லை:

"இன்னும் கேட்டு தொறக்கல."

நூர் பெரிம்மா வீட்டில்

இனி சிரிப்பு கொஞ்சம் குறைவு. ஒரு சாயங்காலம் ஜோஷுவா நூர்ஜகான் அக்கா வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். சரியாக அந்த நேரத்தில் ஜெசி டூட்டி முடிந்து படியேறி வந்துகொண்டிருந்தாள், நானும் கூடவே இருந்தேன். அவள் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கப் போனாள். அவன் திமிறிக்கொண்டு நூர்ஜகான் அக்காவின் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். "அம்மா, அம்மா" என்று அவரைப் பார்த்து அழுதான்.

ஜெசி நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வீட்டுக்குள் வந்ததும், "நான் வேலைய வுட்டுடறேங்க" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, முடிவாகச் சொன்னாள். நர்ஸ் வேலை அவளுக்கு வெறும் சம்பளம் இல்லை. எந்தக் குழந்தைக்கும் ஊசி போட ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிடும் கை அவளுடையது. சோர்ந்து போய் வந்தாலும் வார்டுக் கதையை ஒரு சந்தோஷத்தோடுதான் சொல்லுவாள். அதை விட்டுவிட்டு அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியவில்லை. விடாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் சொன்னால், "உங்களுக்கென்ன, உங்களை நைனானுதான கூப்புடுறான்" என்பாள். அதுவும் நியாயம்தான். ஒரு வாரம் லீவு போட்டு வீட்டில் இருப்பது, பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவது என்று அவளே தீர்மானித்தாள். விஷயம் கேள்விப்பட்டு நூர்ஜகான் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்:

"என் புள்ளைங்க மூணும் போன்ல மூஞ்ச வச்சிகினு கீதுங்க, அம்மானு ஒரு வார்த்த கூப்புடறதில்ல. இவன் ஒருத்தன்தான் கூப்புடறான், அதுக்கும் நீ அழுவுறியே ஜெசி!"

வீடா, வார்டா?

லீவின் முதல் நாள் வீடு திருவிழாவாக இருந்தது. இரண்டு பேரும் அம்மாவின் துப்பட்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டே திரிந்தார்கள். மறுநாள் நர்ஸ் விழித்துக்கொண்டாள். எல்லோருடைய நகமும் வெட்டப்பட்டது. காதுக்குப் பின்னால் அழுக்கு சோதிக்கப்பட்டது. இருமினால் தெர்மாமீட்டர். டிவி சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். தெருவில் விற்கிற மாங்காய் பத்தை கலீஜ், தொடக் கூடாது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் எழுப்பிவிட்டு மறுபடி விரித்தாள். நைட் ஷிப்ட் முடித்து அதில் தூங்கிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துத்தான் எழுப்பினாள்.

என் ராஜ்ஜியத்தில் நகம் வளரும், மாங்காய் பத்தை வாங்கலாம், தூங்குகிறவனைத் தொந்தரவு செய்யாத வரை எதுவும் குற்றமில்லை. பிள்ளைகள் என்னை இவ்வளவு பாசத்தோடு அதற்கு முன் பார்த்ததில்லை. ரோஸி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நைனா, அம்மாவுக்கு டூட்டி எப்போ?"

கட்டுப் போடுகிற அறை வாசலில்

வார முடிவில் ஜெசி தலைமை நர்ஸான வார்டு சிஸ்டரைப் பார்த்து வேலையை விடப்போவதாகச் சொல்லக் கிளம்பினாள். நான் பைக்கில் அழைத்துப்போனேன். ஜோஷுவாவுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை, அவனும் தொற்றிக்கொண்டான். வார்டுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள் என்பதால் நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எங்களுக்கு எதிரே கட்டுப் போடுகிற அறை வாசலில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். ஜெசியைப் பார்த்ததும் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா போய்ட்ட? நீ இல்லாம உயிர் போவுதும்மா. நீ கட்டு அவுத்தாதான் எனக்கு வலி தெரியல" என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுது ஜோஷுவா பார்த்ததில்லை. ஜெசி கையைக் கழுவிக்கொண்டு, லீவில் இருப்பதையும் மறந்து, அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். வெளியே வந்தபோது சிஸ்டரைப் பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. பார்க்காமலே வந்துவிட்டாள் என்பது நடையிலேயே தெரிந்தது. அவள் உள்ளே இருந்த நேரத்தில் ஜோஷுவா என் சட்டையை இழுத்து, தாத்தா ஏன் அழுவுறாரு என்று கேட்டான். அம்மா இத்தனை நாளா வரலைன்னு அழுவுறாருடா என்றேன். மூடின கதவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"அவருக்கு வூட்ல அம்மா இல்லியா நைனா?"

திங்கட்கிழமை

லீவு முடிந்தது. போவதா வேண்டாமா என்று ஜெசி இன்னும் முடிவெடுக்கவில்லை. காலையில் யூனிஃபார்மை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். மறுபடி எடுத்துப் பெட்டியில் வைத்தாள். காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. நான் ரோஸிக்குத் தலை பின்னிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் என்ன சொன்னாலும் தப்பாகப் போய்விடும் என்று பயம்.

ஜோஷுவா பாதி போட்ட சட்டையோடு வந்து நின்றான். அம்மாவைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தான். பிறகு பெட்டியைத் திறந்து, வெள்ளை யூனிஃபார்மைக் கசக்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். ஜெசி அவனை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "அம்மா போய்ட்டா நீ அழ மாட்டியா?" என்று கேட்டாள். "கொஞ்சம் அழுவேன், அப்பால நூர் பெரிம்மா முட்டாய் குடுப்பாங்க" என்றான். அவள் சிரித்தாள், கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், ரோஸியின் பின்னலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஜெசி எழுந்திருக்கத் தாமதமாவதைப் பார்த்து ஜோஷுவாவுக்குப் பொறுமை போய்விட்டது. மடியிலிருந்து இறங்கி அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளினான்:

"சீக்கிரம் போம்மா, அந்தத் தாத்தா அழுதுகினு இருப்பாரு!"

ஆக, டூட்டிக்கு லேட்டானால் கேள்வி கேட்க எங்கள் வீட்டில் இப்போது ஒரு மேலதிகாரி வந்துவிட்டார், அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுவது மட்டும் இன்னும் என் ஷிப்டில்தான் இருக்கிறது.