பொம்பளை இல்லாத அட்டை

டிவிடி வாடகைக் கடை வைத்தவனுக்கு ஊரில் எல்லார் வீட்டு ஹாலும் தெரியும். ஒருத்தன் வீட்டிலும் ஒரு டீ கிடைக்காது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் கடை மஸ்கட்டில், ரூவியில் இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம். ஒரே ஒரு படத்தால் பட்டதைச் சொல்கிறேன். ஆட்களின் பேரை மாற்றியிருக்கிறேன்.

மார்க்கருக்கு வேலை இல்லை

புது டிஸ்க் வந்தால் முதல் வேலை, கறுப்பு மார்க்கர். அட்டையில் நடிகையின் தோள், இடுப்பு எது தெரிந்தாலும் அந்த ஊர்ச் சட்டப்படி பூசி மறைக்க வேண்டும். அதிகம் பூசினால் ஆக்‌ஷன் ரேக். பூசவே தேவையில்லை என்றால் ஃபேமிலி ரேக். படத்தைப் போட்டுப் பார்க்க யாருக்கு நேரம்?

துபாயிலிருந்து வந்த டிஸ்க் கட்டுக்குள் ஓர் அமெரிக்கப் படம். சின்ன கம்பெனி எடுத்தது, தெரிந்த நடிகன் ஒருத்தனும் கிடையாது. அட்டையில் மீசை வைத்த மெக்சிகோக்கார அப்பன், பக்கத்தில் வளர்ந்த மகன். என்னிடம் வேலை பார்த்த கடையநல்லூர் பஷீர் அதை ஃபேமிலி ரேக்கில் வைத்தான். என்ன படம்டா என்றேன்.

"அட்டையில ஒரு பொம்பள கூட இல்ல அண்ணாச்சி. இதைவிட ஃபேமிலிப் படம் எங்க கெடைக்கும்?"

மாமியாரின் கேள்வி

ஒரு இன்ஜினியர் வியாழக்கிழமை எடுத்துப்போய், சனிக்கிழமை வந்து கவுண்டரில் எறிந்தார். அதன் பிறகுதான் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். அப்பன் கூரை வேலை செய்கிறவன். பெண்டாட்டி இல்லை, ஒரே மகன். அந்த மகனுக்குப் பெண் பிடிக்காது. அவன் நேசிப்பது இன்னொரு பையனை. அப்பனுக்குத் தெரிகிறது. தெருவில் போட்டு அடித்து வீட்டை விட்டுத் துரத்துகிறான். மிச்சப் படம், அவனைத் திரும்ப உள்ளே விடுவானா மாட்டானா என்பதுதான். கடையில் ஆள் சேர்ந்துவிட்டதால் கடைசிக் காட்சியை நான் பார்க்கவில்லை.

ஆபாசம் ஒரு இம்மி கிடையாது. பத்துப் பேரை வெட்டிப் போடுகிற படத்தை இதே இன்ஜினியர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். அப்போதெல்லாம் வராத ரோஷம் இப்போது வந்தது.

"அப்பன் அடிக்கிற வரைக்கும் எங்க மாமியார் ஒண்ணும் சொல்லலைங்க. அதுக்கப்புறம், எதுக்கு மாப்ளே அடிக்கிறான்னு என்னையக் கேக்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

கேம்ப்பில் பார்த்தவர்கள்

அறந்தாங்கி முருகையா சென்ட்ரிங் வேலை, தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூம் முழுக்க உட்கார்ந்து பார்க்க, கையில் கிடைக்கிற படத்தை எடுப்பான். இதைத்தான் எடுத்தான். இங்கிலீஷும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டினான், என்னை இல்லை.

"கிறுக்குப் பயண்ணே அந்த அப்பன். நாங்க மகன் மூஞ்சியப் பாக்க லீவு எப்பக் கெடைக்கும்னு கெடக்கோம். இவன் பக்கத்துலயே இருக்கிற மகனை வெரட்டுறான்."

ஒடிச்சுப் போடும்

சேதுராமன் பாளையங்கோட்டைக்காரர். ஒரு கம்பெனியில் ஃபைனான்ஸ் மேனேஜர். வாராவாரம் வருகிற ஆள், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று ரேக்கிலிருந்து இந்த டிஸ்க்கை எடுத்தார், அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார், முகம் கறுத்துவிட்டது. கடையில் நாலு பேர் நிற்கும்போதே கத்தினார். படம் பார்க்காமலே கோபப்படுகிறவனைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். பிடிக்கவில்லையென்றால் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"இதை ஒடிச்சுப் போடும் வே. இந்த மாதிரி ஜென்மமெல்லாம் அவனுக ஊர்ல உண்டு. நம்ம வீடுகள்ல கெடையாது."

கோமதியம்மாள்

இரண்டு நாள் கழித்து சேதுராமனின் சம்சாரம் கோமதியம்மாள் தனியாக வந்தார். அதுவரை கடை வாசலை மிதித்ததில்லை, காரிலேயே உட்கார்ந்திருப்பார். அவுக கத்தினாகளாமே, அந்தப் படத்தைக் குடுங்க என்றார். சேதுராமனிடம் எதற்கு வம்பு என்று நான் மறுத்தேன். அப்புறம்தான் சொன்னார். துபாயில் பேங்க்கில் இருக்கிற ஒரே பையன், கல்யாணப் பேச்சு எடுத்ததும் போனில் உண்மையைச் சொல்லிவிட்டானாம். பெருநாள் லீவுக்கு வருகிறேன் என்றானாம். இந்தப் படியை மிதிக்காதே என்று அப்பா போனை வைத்துவிட்டாராம். அம்மா பேசினாலும் பிடுங்கி வைக்கிறாராம். இந்த ஊரில் இதை வெளியே பேசினால் பையனுக்கே ஆபத்து, அதனால் சொல்லி அழக்கூட ஆள் கிடையாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுஷன் எதிரில் இல்லை, தப்பித்தார். டிஸ்க்கைக் கொடுத்தேன். அவர் பார்க்க மாட்டாரே அம்மா என்றேன்.

"அவுக பாக்க வேண்டாம் அண்ணாச்சி. நான் ஹால்ல போட்டு, சத்தத்தைக் கூட்டி வச்சுப் பாக்கேன். சின்ன ஃபிளாட்டு. எங்க போயிருவாக?"

பாதியில் நின்ற கதவு

டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்தது சேதுராமன். ஷேவ் பண்ணாத முகம். கவுண்டரில் ஓங்கி வைத்தார். என்ன லட்சணத்தில் கடை நடத்துகிறீர், கடைசியில் சிக்கிக்கொள்கிறது என்றார். மகன் கதவுக்கு வெளியே நிற்கிறான், அப்பன் உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறான், அதோடு படம் உறைந்துவிட்டதாம். துடைத்துத் துடைத்துப் போட்டும் அதே இடமாம்.

வேறு காப்பி இல்லை என்றேன். அப்பன் திறந்தானா என்றார். அவன் கிடக்கட்டும், நீர் திறப்பீரா என்று நானும் கத்தினேன். பஷீர் கடையை விட்டே வெளியே போய்விட்டான். சேதுராமன் என்னை முறைத்தார். பிறகு கார் சாவியைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"புதன்கிழமை வாரான். ஏர்போர்ட்டுக்கு நான்தான் போறேன். அந்த அப்பன் கதவைத் தொறந்து மொதல்ல என்ன சொன்னாம்னு மட்டும் சொல்லும் வே, எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்கு."

அத்தனை வருஷம் கடை நடத்தியதில், டிஸ்க் சிக்கியதென்று ஒருத்தன் என்மேல் பாய்ந்து, எனக்கு வந்த கோபம் நிமிஷத்தில் இறங்கிப்போன நாள் அது ஒன்றுதான்.