ஷர்பு, தண்ணி நின்னு போச்சு!

ஷர்புன்னிசாவுக்கு ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாக லீவு கிடைத்தது. லீவு என்று வாய்விட்டுச் சொன்னால் அடிக்க வருவார்கள். கணவர் நூர் முகமது மவுத்தாகி, அவள் இத்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது, பளபளப்பாக எதுவும் உடுத்தக் கூடாது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், இவள் எப்படித்தான் அடைந்து கிடக்கப் போகிறாளோ என்று அங்கலாய்த்தார்கள். அவளோ உள்ளறையில் பாயை விரித்துப் பட்டப்பகலில் தூங்கினாள். முப்பத்து நான்கு வருஷமாகத் தூங்காத தூக்கம் அது.

தியாகதுருகத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கள்ளக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டவள். வந்த நாளிலிருந்து வேலை. மாமியாரின் காலில் ஆறாத சர்க்கரைப் புண். அதைப் பதினோரு வருஷம் கழுவிக் கட்டினாள். இரண்டு பிள்ளைகள். நூர் முகமதுவுக்குக் கயிறு, சாக்கு, தார்ப்பாய்க் கடை. கடையாட்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் அவர் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவார். அதற்கு விடிவதற்கு முன்பே எழுந்து சோற்றுப் பொட்டலம் கட்ட வேண்டும். வெள்ளிமலைப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதுதான் மனுஷருக்கு வாரத்திலேயே பெரிய சுகம். அந்த ஓடையை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. யாரும் கூட்டிப் போகவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் அவருக்கு வாதம் வந்து வலக்கையும் காலும் இழுத்துக்கொண்டன. கடையை மகன் சுபைர் எடுத்துக்கொண்டான். மலை ஏற முடியாது என்றானதும் நூர் முகமதுவுக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் இல்லாமல் இருக்க முடியவில்லையாம். மலையிலிருந்து பழைய வாடிக்கைக்காரர் மாயவன் இறங்கி வந்து, வீட்டுப் பின்பக்கத்தில் இடுப்பளவு ஆழத்துக்குக் குட்டை வெட்டிக் கொடுத்தார். கடையில் விலைபோகாமல் கிடந்த நீலத் தார்ப்பாயை அதில் விரித்து, தண்ணீர் நிரப்பி, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். அதோடு விட்டாரா? செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, வெயிலில் ஓடும் சோலார் மோட்டார் வேண்டும் என்று மகனை நச்சரித்து வாங்கவைத்தார். குளியலறைத் தகரக் கூரைமேல் சோலார் பலகை, குட்டைக்குள் சின்ன மோட்டார். அது தண்ணீரை மேலே தூக்கி, ஓட்டை போட்ட குழாய் வழியாகத் திரும்பக் குட்டையிலேயே கொட்டும்.

"கரண்டு பில்லு கெடையாது. நமக்கு ஒரு வேலையும் கெடையாது ஷர்பு," என்றார்.

நமக்கு என்றால் அவருக்கு. பேட்டரி இல்லாத மோட்டார் அது. மேகம் வந்தால் நிற்கும். காக்கை எச்சம் போட்டால் வேகம் குறையும். முருங்கை இலை நான்கு விழுந்தால் முனகும். குட்டைக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷர் உடனே குரல் கொடுப்பார்.

"ஷர்பு, தண்ணி நின்னு போச்சு! பலகய தொடச்சு வுடு!"

அடுப்பைத் தணித்துவிட்டு, ஏணியைச் சாத்தி, முட்டி கடுக்க ஏறித் துடைப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். மேகத்தைத் துடைக்க முடியாதுங்க என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார், ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தக் குரல் தெருவுக்கே பழக்கம். பக்கத்து வீட்டுக் கண்ணகி மதில் மேலாக எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பாய் மறுபடியும் ஏணி ஏத்திட்டாரா?" என்று சிரிப்பாள். கண்ணகியும் அவள் வீட்டுக்காரர் நாராயணசாமியும் விவசாயக் குடும்பம். இரண்டு பெண்களுக்கும் இருபது வருஷப் பேச்சு அந்த இடுப்பளவு மதிலில்தான்.

நூர் முகமது மவுத்தான அன்று கண்ணகிதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். அதற்குப் பிறகு மதில் பக்கமே வரவில்லை. இத்தாவில் இருப்பவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருக்கிறாள் போல என்று ஷர்புன்னிசா நினைத்தாள். ஒரு மாதம் ஆனதும் கண்ணகி வீட்டில் மாடி கட்டும் வேலை ஆரம்பித்தது. செங்கல் அறுக்கிற தூசி, சிமெண்டுத் தூசி எல்லாம் இந்தப் பக்கம்தான் பறந்து வந்தது. தூசிக்குப் பயந்துதான் முகம் காட்டவில்லை என்று பிறகு நினைத்தாள்.

தூசி பலகையில் படியப் படிய மோட்டார் இளைத்தது. முதலில் சளசளவென்று கொட்டிய தண்ணீர் பிறகு சொட்டியது. ஒருநாள் காலை சுத்தமாகச் சத்தமே இல்லை. ஷர்புன்னிசா பாயில் படுத்தபடி அதைக் கேட்டாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தச் சத்தம் இருந்தவரை, எந்த நேரமும் அது நின்றுவிடும், எந்த நேரமும் எழுந்திருக்க வேண்டும் என்று உடம்பு காத்துக்கொண்டே இருந்தது. இப்போது காத்திருக்க ஒன்றும் இல்லை. மூன்று நாள் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நான்காம் நாள் மருமகள் அப்ரின்தான் கவனித்தாள். எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு துணி உலர்த்தப் போனவள், "மாமி, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. ஒண்ணு செத்து மெதக்குது," என்று வந்து சொன்னாள்.

துக்கம் கேட்க வந்தவர்களின் பிள்ளைகள் பன்னும் பிஸ்கட்டும் போட்டுப் போட்டுக் குட்டைத் தண்ணீர் ஏற்கெனவே கெட்டிருந்தது. இப்போது தண்ணீர் கொட்டாததால் அதில் காற்றும் கலக்கவில்லை. சுபைருக்குப் போன் போட்டார்கள். கடையில் ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஏறித் துடைக்கிறேன் என்றான். அன்று வியாழன். அப்ரின் ஏணி ஏறுகிற நிலையில் இல்லை. சின்னசேலத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஷர்புன்னிசாவின் நாத்தனாரோ ஏணி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

"பக்கத்து மாடியில மூணு கொத்தனாருங்க நிக்கிறாங்க. இத்தாவுல இருக்கறவ கூரமேல ஏறுவாளா? மீனு போனா போவுது."

சொந்த வீட்டுக் கொல்லையும் வீடுதான், அவசியத்துக்குப் போகலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சுபைரிடம் சொல்லியிருந்தார். ஆனால் நாத்தனார் ஹஜ்ரத்துக்கும் மேலே. ஷர்புன்னிசா எதிர்த்துப் பேசவில்லை. முப்பத்து நான்கு வருஷமாகப் பேசாதவள்.

மதியம் சாப்பிட்டு நாத்தனார் கண்ணயர்ந்தாள். ஷர்புன்னிசாவுக்குத் தூக்கம் வரவில்லை. மெல்ல எழுந்து பின்கதவைத் திறந்தாள். குட்டையில் இருபது இருபத்தைந்து வாய்கள் தண்ணீருக்கு மேலே திறந்து திறந்து மூடின. சத்தம் இல்லாமல் கூப்பிடுகிற வாய்கள். அவள் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மவுத்தான அன்றும் இதே நேரம்தான். அவள் சாப்பிட்டுவிட்டுத் தரையில் சாய்ந்திருந்தாள். பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஷர்பு." கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "ஷர்பு." அவ்வளவுதான். தண்ணி நின்னு போச்சு என்று சேர்த்துச் சொல்லவில்லை. தண்ணீர் நிற்கவும் இல்லை. சளசளவென்று கொட்டுகிற சத்தம் அவள் காதில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. இருந்தும், பலகைக்குத்தான் கூப்பிடுகிறார், இரண்டு நிமிஷம் கிடக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து போனபோது நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல மவுத்து என்று ஊர் சொன்னது. அவள் யாருக்கும் மறுத்துச் சொல்லவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை வரை இந்த வாய்களைப் பார்த்துக்கொண்டு படுக்க அவளால் முடியாது. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்தாள். ஏணியைச் சாத்தினாள். ஒவ்வொரு படிக்கும் முட்டி கத்தியது. பக்கத்து மாடியில் கொத்தனார்களின் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாரும் கீழ எறங்குங்க! சாப்புட்டு வந்து பாத்துக்கலாம், எறங்குங்கப்பா!" என்று கண்ணகியின் குரல் மட்டும் கேட்டது. தடதடவென்று ஆட்கள் இறங்கிப் போனார்கள்.

பலகையில் தூசி பனியில் நனைந்து காய்ந்து பாளமாகப் படிந்திருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற ஊறத் தேய்த்தாள். பாதிப் பலகை கறுப்பாகத் தெரிந்ததுமே கீழே மோட்டார் கனைத்தது. முழுவதும் துடைத்து முடிப்பதற்குள் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கொட்டியது. அவள் இறங்கி வந்து குட்டைக்கரையில் நின்றாள். தண்ணீர் விழுகிற இடத்தில் மீன்கள் முண்டியடித்தன. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. உட்கார வேண்டும் போல மட்டும் இருந்தது. அங்கே இருந்தது ஒரே நாற்காலி, அதில் உட்கார மனம் வரவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணகி வந்து நின்றாள். ஒன்றரை மாதத்தில் இளைத்திருந்தாள்.

"இன்னாக்கா இது, இந்த வெயில்ல ஏறிக்கினு? எங்க வூட்டு தூசிதான. ஒரு கொரல் குடுத்திருந்தா நான் வந்து தொடச்சிருக்க மாட்டனா?"

"கொரல் குடுத்தா வந்துருவியா?" என்றாள் ஷர்புன்னிசா.

"வராம?"

"நான் போவல கண்ணகி." கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு அவரு ரெண்டு தபா கூப்ட்டாரு. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். தண்ணி ஓடற சத்தமும் கேட்டுச்சு. பலகைக்குத்தான் கூப்புடறாருன்னு எனக்கு நானே சொல்லிக்கினு படுத்திருந்தேன். அலுப்பு. வேற ஒண்ணும் இல்ல, அலுப்பு."

கண்ணகி மதிலில் ஒட்டியிருந்த காய்ந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினாள். திட்டப் போகிறாள், அல்லது அப்படியெல்லாம் இல்லை என்று ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று ஷர்புன்னிசா காத்திருந்தாள். இரண்டையும் தாங்குகிற தெம்பு அவளிடம் இல்லை.

"ரெண்டு தபா இல்லக்கா," என்றாள் கண்ணகி. "மூணு. மொத தபா கூப்ட்டப்ப நீங்க அசந்திருப்பீங்க. நான் மொட்ட மாடில மல்லாட்டை காய வெச்சுக்கினு இருந்தேன். எட்டிப் பாத்திருந்தா கீழ பாய் தெரிவாரு. தண்ணிக்குத்தான் கூப்புடறாருன்னு நெனச்சு சிரிச்சுக்கினேன்கா. குனிஞ்ச தல நிமிரல. அதான் இத்தினி நாளா இந்தாண்ட வரல. ஒங்க மொகத்துல முழிக்க முடில."

இரண்டு பேரும் அழவில்லை. அழுகிற தெம்பும் இல்லாமல் நின்றார்கள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"மாமீ!"

வீட்டுக்குள்ளிருந்து அப்ரினின் குரல். ஷர்புன்னிசா துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை, வாளியை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே கண்ணகி சேலையைத் தூக்கிச் செருகி மதிலைத் தாண்டிக் குதித்து வந்தாள். இரண்டு பேரும் சமையலறை வாசலில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்ரின் அடுப்பண்டை கையில் டீத்தூளோடு திரும்பிப் பார்த்தாள்.

"சக்கர டப்பா எங்க வெச்சீங்க மாமி?"

"மேல்தட்டுல, எடது கைப் பக்கம்," என்று சொல்வதற்கே ஷர்புன்னிசாவுக்கு மூச்சு வாங்கியது. கண்ணகி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.